இங்கே இல்லையென்றால் எங்கே?

மனிதன் எதைச் செய்தாலும் அதை ஓரிடத்தில்தான் செய்ய வேண்டும். உண்ணவும் குளிக்கவும் உறங்கவும் இடம் வேண்டும். சிறுபிள்ளைக்கும் தெரிந்த இவ்வுண்மையிலிருந்து ஜெரமி வோல்ட்ரன் எனும் மெய்யியலாளர் 1991 இல் எழுதிய கட்டுரையொன்றில் கடினமானதொரு முடிவுக்கு வந்தார். ஒரு செயலைச் செய்ய எந்த இடத்திலும் அனுமதியில்லாதவனுக்கு அச்செயலைச் செய்யும் சுதந்திரமே இல்லை என்பதே அது. தனியார் நிலத்துள் வீடற்றவன் நுழைய முடியாது. அவனுக்கு எஞ்சுவது தெருவும் பூங்காவும்தான். அங்கும் உறங்கலாகாது என விதித்தால், அவன் உறங்கவே கூடாது என்றாகிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள கிராண்ட்ஸ் பாஸ் நகரம் காட்டியது. சுமார் 38,000 பேர் வாழும் சிறுநகரம் அது. வீடற்றோர் 600 பேர் வரை இருந்ததாக வழக்கில் கூறப்பட்டது. நகரசபை நடத்திய தங்குமிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. கிறிஸ்தவ அமைப்பொன்றின் இல்லம் இருந்தது. அங்கு தங்குவோர் புகைபிடிக்கக்கூடாது, வழிபாட்டிலும் கலந்துகொள்ள வேண்டும்.

நகரத்தின் விதிகளோ பொது இடத்தில் படுக்கை விரிப்பதையே முகாமிடுதல் எனக் கொண்டன. முதல் தண்டப்பணம் 295 டொலர். கட்டத் தவறினால் அது 537 டொலருக்கு மேல் உயரும். மீண்டும் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை. அதையும் மீறினால் 30 நாள் வரை சிறை. வாடகை கொடுக்க வழியில்லாதவனிடம் கேட்கப்பட்ட பணம் இது.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஜூன் 28 ஆம் திகதி ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நகரம் வென்றது. சட்டம் செயலைத்தான் தண்டிக்கிறது, நிலையை அல்ல. வீடற்றவர், சுற்றுலாப் பயணி, போராட்டம் நடத்தும் மாணவர் ஆகிய யாவருக்கும் விதி ஒன்றே என்பது நீதியரசர் கோர்சச் எழுதிய தீர்ப்பின் சாரம். கடற்கரையில் கண்ணயர்பவரைப் பொலிஸார் பிடிப்பதில்லையே என நீதியரசர் சோட்டோமேயர் விசாரணையின்போதே கேட்டிருந்தார். செயல் ஒன்றே, ஆனால் வீடுள்ளவருக்கு அது இளைப்பாறல், வீடில்லாதவருக்குக் குற்றம்.

நகரத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஊசிகள் கிடந்தால், கூடாரங்களில் தீ பற்றினால், முதியோர் பூங்காவுக்கு வர அஞ்சினால், அந்த இடம் பொது இடமாக இராது. வறியோரிடம் பரிவுடையோர் எனப் பெயர்பெற்ற சான் பிரான்சிஸ்கோ நகரமும் கலிபோர்னியா ஆளுநர் கவின் நியூசமும்கூட முந்தைய தீர்ப்புகளால் தம் கைகள் கட்டப்பட்டுள்ளதாக உயர் நீதிமன்றத்தில் முறையிட்டனர். இடத்தை ஒழுங்குபடுத்தும் கடமை எந்த நகரத்துக்கும் உண்டு.

ஆயினும் ஒழுங்குபடுத்துவது வேறு, விரட்டுவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இதே விதியை எல்லா ஊர்களும் இயற்றினால் என்ன ஆகும்? போக்குவரத்து விதியை எல்லா ஊர்களும் ஏற்றால் அனைவருக்கும் நன்மை. உறங்கத் தடையை எல்லா ஊர்களும் ஏற்றால் வீடற்றவனுக்குப் பூமியில் இடமில்லை. 2013 இல் கிராண்ட்ஸ் பாஸ் நகரசபைக் கூட்டமொன்றில், அவர்கள் வேறிடம் நாடிப் போகும் அளவுக்கு இங்கே வசதியின்மையை உண்டாக்க வேண்டும் என்ற கருத்து வெளிப்படையாகவே பேசப்பட்டது. அயலூரில் அவ்விதி இல்லாதவரை மட்டுமே பயன்தரும் விதி விதியல்ல. தன் வாசலிலுள்ள துயரைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளிவிடுதல்.

இம்மனப்பாங்கு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்து 1824 இல் வீடின்றித் திரிவோரைத் தண்டிக்கும் சட்டத்தை இயற்றியது. 1841 இல் ஆங்கிலேயர் இலங்கைக்கும் அத்தகையதொரு கட்டளைச் சட்டத்தைத் தந்தனர். வறுமையை ஒழுக்கக்கேடாகக் காணும் பார்வையும் அச்சட்டங்களோடு கப்பலேறி வந்தது.

சட்டப்படி செல்லும் என்பதும் அறப்படி சரி என்பதும் ஒன்றல்ல. தண்டனை கொடூரமானதா என்பதை மட்டுமே உயர் நீதிமன்றம் அரசியலமைப்பை வைத்து அளந்தது. அந்த மனிதன் எங்கே போவான் என்ற கேள்வி நகரத்தவரிடமே திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் வீடற்றோர் 7,71,480 பேர் எனக் கணக்கிடப்பட்டது. இத்தனை பேரையும் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட முடியாது.

“இங்கே படுக்காதே” என்று சொல்ல ஒரு நகரத்துக்கு உரிமை உண்டு. “அங்கே படு” என்று கைகாட்டும்போதுதான் அவ்வுரிமை முழுமை பெறும். வழக்கில் வென்ற கிராண்ட்ஸ் பாஸ்கூட 2025 இல், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பொன்று தொடுத்த வேறொரு வழக்கின் உடன்பாட்டில், குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இடங்களை ஒதுக்க இணங்கியது. இடத்தேவை தண்டப்பணத்தால் தீர்வதில்லை.