தொடக்க வட்டும் ஆணவ மலமும்

அறியும் கருவியிலேயே பழுது இருக்குமானால், அப்பழுதை அதே கருவியால் கண்டு நீக்க முடியுமா என்பது மெய்யியலின் பழைய வினா. கணினியின் தொடக்க வட்டை, அதாவது இயக்க முறைமையைத் தாங்கி நின்று கணினியை எழுப்பும் வட்டை, செப்பனிடும் முறையில் இவ்வினா மிகத் தெளிவாக எழுகிறது. இயங்கும் முறைமை தன் வட்டில் ஓயாது எழுதிக்கொண்டிருப்பதால், கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்னும் கணக்கு சோதனையின்போதே மாறிவிடுகிறது. ஆகவே விண்டோஸின் செக்டிஸ்க் நிரல் இவ்வட்டைத் திருத்தும் பணியை அடுத்த தொடக்கத்துக்குத் தள்ளிவைப்பதும், லினக்ஸ் முறைமைகள் வட்டை முதலில் படிப்பதற்கு மட்டும் திறந்து, சோதனை முடிந்த பின்னரே எழுத விடுவதும் வழக்கம். பழுது முற்றிய வட்டுக்கோ கணினியை வேறொரு வட்டிலிருந்தே எழுப்ப வேண்டும்.

ஆஸ்திரிய மெய்யியலாளர் ஓட்டோ நியூராத், அறிவைத் திருத்தும் மனிதர் நடுக்கடலிலேயே கப்பலைப் புதுப்பிக்க வேண்டிய மாலுமிகளை ஒத்தவர், அவர்களுக்குக் கரையே இல்லை என்றார். ஆனால் சென்னையின் காசிமேட்டில் விசைப்படகின் அடிப்பகுதியைப் பழுதுபார்ப்பவர்கள் அதைக் கரையேற்றாமல் தொடுவதில்லை. சைவ சித்தாந்தம் கரை உண்டு என்னும் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு அது காட்டும் காரணம் வலிமையானது. உயிரின் அறிவை அநாதியாகவே மறைத்து நிற்கும் கட்டாகிய ஆணவ மலம் இருளினும் கொடியது என்பதை 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவம் திருவருட்பயனில் விளக்குகிறார்: பொருள்களை மறைக்கும் இருள் தன் இருப்பையேனும் உணர்த்திவிடும், ஆணவமோ தன்னையும் காட்டாது. தன்னிடம் மறைப்பு உண்டென்பதையே அறியாத உயிர் அதனைத் தானே எவ்வாறு களையும்? நல்வினை, தீவினை இரண்டன் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாக ஏற்கும் இருவினையொப்பு வாய்த்து, மலம் பக்குவப்பட்ட பின்னரே திருவருள் பதிந்து குரு வருவார் என்று சித்தாந்தம் வகுத்த வரிசை, எழுதுவதை நிறுத்திய பிறகே திருத்துவது என்னும் ஒழுங்கோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. சோதனை நிரல் பார்ப்பது கணக்குகளின் உள் இசைவை மட்டுமே. ஒழுங்காகப் பதிவான பொய்க் கடிதத்தை அது பிழையென்று சொல்லாது. மேலும், உதவிக்கு வந்த வட்டும் பழுதாகலாம், அதைச் சோதிக்க மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கும். குருவாக வருபவன் என்று சித்தாந்தம் கூறும் முதல்வனாகிய சிவனுக்கோ பிறிதொன்று அறிவிக்க வேண்டியதில்லை. அவன் உயிருக்கு வெளியிலிருந்து வருபவனும் அல்லன், மலம் மறைத்திருந்த காலமெல்லாம் அவ்வுயிரோடு பிரிப்பின்றி நின்று அதனை அறியச் செய்துகொண்டிருந்தவனே.