பிழையும் பழியும்

ஒரு பொருள் பழுதாகிறது. அதைச் செப்பனிட ஒருவர் கைவைக்கிறார். கைவைத்த பின்னும் அது இயங்கவில்லை, முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டது. அந்த வேளையில் நம் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி எது? 'எங்கே பிழை?' என்பதா, 'யார்மேல் பழி?' என்பதா? இரண்டும் ஒரே கேள்விதான் என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், நமக்கு நெருக்கமான ஒரு மீனவக் குடும்பத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி அந்த எண்ணத்தைக் கலைத்தது.

மூத்த மகன் சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கிய கணினி ஒன்று அவ்வீட்டில் இருந்தது. கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு அதுவே படிப்புக்குத் துணை. ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி. இடையே இரவும் பகலும் வீசும் உப்புக்காற்று இரும்புக் கதவையே அரித்துவிடும்போது கணினியை மட்டும் விட்டுவைக்குமா? வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ற அளவுக்குக் குறைத்துத் தரும் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்வது, துருவேறி நின்றுபோயிற்று. ஐ.டி.ஐ.யில் படித்த பக்கத்து வீட்டு இளைஞன் வேறொரு நிறுவனத்தின் புதிய பெட்டியை வாங்கிவந்து, கூலி எதுவும் கேளாமல் பொருத்திக் கொடுத்தான். பொத்தானை அழுத்தியதும் விசிறி ஒருமுறை அசைந்தது, உடனே நின்றது. பிறகு எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை.

'இவன் கைவைத்ததால்தான் கெட்டது' என்று வீடும் தெருவும் முடிவு கட்டின. கணினி பற்றிச் சற்றே அறிந்தவர் என்ற முறையில் நம்மை அழைத்தார்கள். உண்மையைச் சொல்வதானால், நாம் சோதிக்கப் போகவில்லை, விசாரிக்கவே போனோம். "என்னப்பா செய்தாய்? கேபிள்களை எல்லாம் மாற்றினாயா, இல்லையா?" என்று பத்துப் பேர் நடுவில் உரத்துக் கேட்டோம். தலையைக் குனிந்தபடி, "மாத்திட்டேன் ஐயா" என்றான்.

அதன் பின்னரே சோதனையைத் தொடங்கினோம். மதர்போர்டோடு இணைந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி உயிர்பெற்றது. கேபிள் புதியது என்றுதான் அவன் சொல்லிவிட்டானே! ஆகவே உப்புக்காற்றில் பழைய டிஸ்க் தானே பழுதாகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அதை உறுதிப்படுத்திக்கொள்ள, அலமாரியில் தனியே எடுத்து வைத்திருந்த வேறொரு டிஸ்க்கை அதே கேபிளில் மாட்டினோம். விசிறி ஒருமுறை அசைந்தது, நின்றது. இரண்டாவது டிஸ்க்கும் போயிற்று.

அந்த இரண்டாவது டிஸ்க்கில்தான் குடும்பத் தலைவரின் குரல் இருந்தது. அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளை மகள் அவரைப் பாடச் சொல்லிப் பதிந்து வைத்திருந்தாள். வேறு படி இல்லை.

மறுநாள் அவ்விளைஞனையும் அழைத்துக்கொண்டு, இரு டிஸ்க்குகளோடும் கேபிளோடும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். பழுது பார்ப்பவர் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது பழைய பெட்டியோட வந்த கேபிளா, தம்பி?" என்று, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். "ஆமாண்ணே. கட்டி வச்சிருந்ததைப் பிரிக்கணுமேன்னு பார்த்தேன். புதுப் பெட்டியில சரியாப் பொருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்றான் உடனே. நாம் அதட்டிக் கேட்டும் வராத உண்மை, முன்பின் அறியாத ஒருவரிடம் ஒரு நொடியில் வந்துவிட்டது.

பிழை எளிமையானது. இவ்வகைப் பெட்டிகளில் கேபிள்களைக் கழற்றி மாட்டலாம். டிஸ்க்கில் செருகும் முனை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. பெட்டியில் செருகும் முனை அப்படியன்று. எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. முனை பொருந்தும், மின்சாரம் பொருந்தாது. 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்தது. டிஸ்க்கின் வாயிலில் ஒரு சிறு டையோடு காவல் இருக்கிறது. அளவு மீறிய மின்சாரம் வந்தால் அது அதனைத் தன் வழியே திருப்பி, தானே கருகி, உள்ளிருப்பவற்றைக் காக்க முயலும். கருகிய டையோடு குறுக்கிணைப்பாகிவிடுவதால் புதிய பெட்டி ஆபத்தை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொள்கிறது. கணினி செத்ததுபோல் தோன்றியது அதனால்தான். கருகிய டையோடை நீக்கியதும் முதல் டிஸ்க் சுழன்றது. மகளின் பாடங்கள் கிடைத்தன. இரண்டாவதில் உட்சில்லுகளும் எரிந்திருந்தன. குரல் கிடைக்கவில்லை.

இந்த இழப்பு யாருடையது? கேபிளை மாற்றாதது இளைஞனின் பிழை. பொய் சொன்னதும் அவன் பிழையே. ஆனால் அந்தப் பொய்யைப் பிறப்பித்த அச்சத்தை அவனுக்குள் வைத்தவர் யார்? "என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் அவன் நடந்ததைச் சொல்லியிருப்பான். "என்ன செய்தாய்?" என்று கேட்டோம், அவன் தன்னைக் காத்துக்கொண்டான். முதல் டிஸ்க் அவன் பிழையால் பழுதானது. இரண்டாவது, நம் பழியால் அழிந்தது. பழி தேடும் இடத்தில் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதை அவ்வளவு விலை கொடுத்தே நாம் கற்க நேர்ந்தது.

இந்த ஏரிக்கு அப்பால், ஏரியையும் கடலையும் பிரித்துக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் இதே பாடம் பெரிய அளவில் நிகழ்ந்திருக்கிறது. 1979 ஆகஸ்டு 10 அன்று அங்கிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. புறப்படுமுன் கணினி 'நிறுத்து' என்று எச்சரித்தும் அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் தாமே என்று, திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அன்று செய்தியாளர்கள் முன் அமர்ந்து தோல்வியைத் தம் பொறுப்பாக ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பழி விழவேண்டிய இடத்தில் ஒருவர் தாமே நின்றுகொண்டதால், மற்றவர்கள் அச்சமின்றிப் பிழையைத் தேட முடிந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில், ஒரு வால்வு வழியே நைட்ரிக் அமிலம் வெளியேறியதே காரணம் என்று கண்டார்கள். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமையே தவான் அனுப்பினார். கருகி நின்று காத்த அந்தச் சிறு டையோடைக் காணும்போது நமக்குத் தவானின் நினைவு வந்தது.

'அப்படியானால் யாரும் எதற்கும் பொறுப்பில்லையா?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறுப்பு வேண்டும், பிழை இன்னதென்று தெரிந்த பிறகு வேண்டும். பழி பிறர்மேல் நாம் ஏற்றுவது. பொறுப்பு நாமே முன்வந்து சுமப்பது. முந்தையது அவசரப்படும், பிந்தையது காத்திருக்கும். தவறு செய்தவனைத் திருத்துவதும், இழந்தவர்க்கு ஈடு செய்வதும் பொறுப்பின் வேலைகள்; அவற்றைப் பழியால் செய்ய முடிவதில்லை.

ஏரியை நம்பி வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று. யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' ஏற்பாட்டைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றின் முன்னோர் வகுத்தது, பழிச்சண்டைக்கு இடம் வைக்கக் கூடாது என்பதற்காகவும் அன்றோ? ஆயினும் மீன் குறைந்த ஆண்டில் பக்கத்துக் குப்பத்தின் வலையைப் பழிப்பது எளிதாகவும், முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்று போய் அளப்பது கடினமாகவும் இருக்கிறது. கடல்நீர் உள்ளே வரும் வாய் அடைபட்டால் எல்லாக் குப்பத்து வலைகளும் ஒன்றுபோல்தான் வெறுமையாகும். சண்டையிட்டுக்கொண்டிருக்கும் வரை மணலை வெட்டிவிட யாரும் போவதில்லை.

சென்னையிலிருந்து திரும்பும் வழியில் நமக்கொரு தடுமாற்றம். இளைஞனிடம் பேருந்திலேயே தனியாக வருத்தம் தெரிவித்துவிட்டால் போதாதா என்று மனம் பேரம் பேசியது. பழியைப் பத்துப் பேர் நடுவில் அல்லவா சுமத்தினோம்? அன்று மாலை அதே வீட்டு முற்றத்தில், அதே அயலார் முன்னிலையில், கேபிளின் பிழையைச் சொன்னோம். இரண்டாவது டிஸ்க்கை மாட்டிய கை நம் கைதான் என்பதையும் சொன்னோம். அவனும் தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டான். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு புதிய பெட்டியோடு வந்த கேபிளை எடுத்துவந்து, "நீயே மாட்டிக் கொடுண்ணா" என்று அவனிடம் நீட்டினாள்.

தந்தையின் குரலை நம்மால் திருப்பித் தர இயலவில்லை. இளைஞனின் நற்பெயரை மட்டுமே தர முடிந்தது. அதையும் தராமல் இருந்திருக்க எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் நாம் அஞ்சுகிறோம்.