புகழும் பழியும்

சைவாசிரியர்களே,

ஆன்மாக்கள் செய்யும் வினை, நல்வினை தீவினை என இருவகைப்படும். வணிகன் தன் கணக்கேட்டிலே வரவிற் செலவைக் கழித்து மிச்சங் காண்பதுபோல, புண்ணியத்திற் பாவத்தைக் கழித்து எஞ்சியதை மாத்திரம் நுகரலாமென எண்ணுவோர் பலர். நஞ்சமயம் அவ்வாறு கூறவில்லை. அன்னசாலை அமைத்தவன் பொய்ச்சான்று கூறுவானாயின், அன்னமிட்ட பயனும் அவனைச் சேரும். பொய்யுரைத்த பயனும் அவனைச் சேரும். இறந்தாரைப்பற்றிப் பேசும்போது நாம் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றோம்.

ஜேம்ஸ் வாட்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6 ஆந் திகதி, 97 வயது நிரம்பியவராய்த் தேகவியோகமடைந்தார். உயிர்நூல் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அவர் பெயரை உச்சரியாதிருத்தல் அரிது. ஆதலின் அவரை மாணாக்கருக்கு எங்ஙனம் அறிமுகஞ் செய்வது என்பது நமக்குரிய வினாவேயாம்.

முதலில் அவர் செய்த நன்மையைக் கூறுவாம். பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு எவ்வாறு செல்கின்றது என்பது நெடுங்காலம் மறைபொருளாயிருந்தது. வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவரும் கேம்பிரிட்ஜ் நகரிலே ஆராய்ந்து, டி. என். ஏ. என்னும் பொருள் முறுக்கிய ஏணிபோல இரட்டை இழையாய் அமைந்ததென 1953 இல் வெளியிட்டனர். இழைகள் பிரியுங்கால் ஒவ்வொன்றும் தனக்கு இணையான மற்றொன்றை ஆக்குதற்கு அச்சாகும் என்பது அதனாற் புலப்பட்டது. இக்காலத்து மருத்துவத்திற் பெரும்பகுதி இவ்வறிவின்மேல் நிற்கின்றது. 1962 இல் அவ்விருவரும் மோரிஸ் வில்கின்சும் நோபெல் பரிசு பெற்றனர். மனிதருடைய மரபணுக்களை ஒருவர் தனியுடைமையாக்கிக் கொள்ளுதல் தகாதென வாட்சன் பிற்காலத்தில் வாதாடியதும் போற்றத்தக்கதே.

இனிக் குற்றங்களைக் கூறுவாம். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலே றொசலின்ட் பிராங்கிளின் என்னும் அம்மையாரின் மேற்பார்வையில், அவர் மாணாக்கர் றேமன்ட் கொஸ்லிங் 1952 இல் எடுத்த எக்ஸ் கதிர்ப்படம் ஒன்றை, அம்மையார் அறியாமலே வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். அப்படம் பெரிதும் வழிகாட்டிற்று. 1953 ஆம் ஆண்டுக் கட்டுரையோ அவர்தம் வெளியிடப்படாத முடிபுகளைப் பொதுப்படச் சுட்டியதேயன்றி, அப்படத்தைக் கண்டமை கூறவில்லை. அம்மையார் 1958 இல், 37 ஆம் வயதிலே காலஞ்சென்றார். பத்தாண்டு கழித்து, 1968 இல், வாட்சன் எழுதிய நூல் அவருடைய உடையையும் தோற்றத்தையும் எள்ளிற்று. நூலின் முடிவிலே அவர் ஆற்றலைப் பாராட்டியுள்ளாராயினும், மறுமொழி கூற அவர் உயிரோடில்லை.

2007 இல், ஆபிரிக்க மக்கள் இயல்பிலேயே அறிவாற் குறைந்தவர் என்னும் கருத்துப்பட வாட்சன் பத்திரிகையொன்றுக்குப் பேசினார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் தம் கருத்து மாறவில்லையென 2019 இல் மீட்டுங் கூறவே, அவர் பல்லாண்டு தலைமை தாங்கி வளர்த்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுச்சாலையே தான் அளித்த கௌரவப் பட்டங்களைப் பறித்தது. குற்றத்தை விட்டுநீங்காதவனுடைய மன்னிப்பு வேண்டுதல் பிராயச்சித்தமாகாது. அவர் கருத்துக்கு விஞ்ஞான ஆதாரமும் இல்லை. மனிதரின் மரபெழுத்து முழுவதையும் படிக்க எழுந்த பெருமுயற்சிக்குத் தொடக்கத்தில் அவரே தலைவர். அம்முயற்சியோ, எவ்விரு மனிதரும் நூற்றுக்கு ஏறக்குறைய 99.9 பங்கு ஒத்தவர் என்றே காட்டியது. தாம் திறந்த ஏட்டைத் தாமே படியாது போயினார்.

குணத்தையுங் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்ததுகொண்டு துணியவேண்டும் என்பது திருவள்ளுவநாயனார் கருத்தன்றோவெனின், அது தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தின்கண், அரசன் தொழிலுக்கு ஆளைத் தெரிதல்பற்றிக் கூறியது. தொழிலை ஒப்புவித்தற்கு ஒரு முடிபு இன்றியமையாதது. இறந்தாருக்கு நாம் ஒப்புவிக்குந் தொழில் யாதுமில்லை. அவர் வினைக்கீடான பயனைக் கூட்டுவிப்பவர் சிவபெருமான் ஒருவரே. நமக்குரியது உண்மை கூறுதல் மாத்திரமேயாம்.

இஃது எளிதன்று. மேதையின் குற்றத்தை மறைத்தால், அறிவு மிக்கார் பிறரை இகழ்தற்கு உரிமையுடையர் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். குற்றங்கருதி அவர் கண்டதையும் இகழ்ந்தால், மெய்ப்பொருள் அதைக் கூறுவார் தரத்தைப் பொறுத்தது என்று பிள்ளை மயங்கும். ஆதலின் கரும்பலகையில் இரட்டை இழையை வரையும்போது, வாட்சன், கிரிக் பெயர்களோடு பிராங்கிளின், கொஸ்லிங் பெயர்களையும் எழுதுங்கள். ‘அவர் அவ்வாறு கூறியது மெய்யோ’ என்று ஒரு மாணாக்கன் வினவுவானாயின், மெய்யன்றென்று தெளிவாய் விடையிறுங்கள்.

அவ்விடை கூறுமுன் நம் நெஞ்சையும் ஒருமுறை வினவுவோமாக. முன்வாங்கிலிருக்கும் பிள்ளையையும் பின்வாங்கிலிருக்கும் பிள்ளையையும் நாம் ஒருபடித்தாக நோக்குகின்றோமா? பிறப்பையும் குடியையும் கேட்டறிந்தபின், இவனுக்கு இவ்வளவே படிப்பேறும் என்று மனத்துள்ளே அளவிட்டதில்லையா? தூரதேசத்து விஞ்ஞானியிடங் கண்ட அக்குற்றம் நம்மிடம் இருக்குமாயின், அதைத் தூக்கிச் சமன்செய்தற்கு நம்மிடம் இரட்டை இழையுமில்லை, நோபெல் பரிசுமில்லை. இருந்தாலும் அவை அதைச் சமன்செய்யா என்பதே இதுகாறும் கூறியதன் கருத்து. ஒவ்வொரு பிள்ளையிடத்தும் இறைவன் எழுந்தருளியிருக்கின்றார் என்பதை உணர்ந்து கற்பிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.