உதிர்ந்த பிட்டும் டீக்காசும்

(ஆவணி மூலத்தன்று, சென்னைப் புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் பிள்ளையார் சன்னதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஆவணி மூலம். மதுரையில் ஆரப்பாளையம் பக்கம் பிட்டுத்தோப்பில் இன்றைக்குக் கூட்டம் அலைமோதும். வைகைக் கரையை அடைக்க மண் சுமந்த சாமிக்கு அங்கே திருவிழா. நமக்கு இங்கே வைகை கிடையாது. மழை வந்தால் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் பிட்டு உண்டு. மடைப்பள்ளி வாசனை மேடை வரைக்கும் வருகிறது. அதனால் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

போன வாரம் உங்கள் சங்கச் செயலாளர் என்னை அழைக்க வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "சாமி, சி பிளாக்கில் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. சாமான் இறக்குகிற ஆட்களுக்கு டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. ஒருத்தர் ஆளுக்கு நூறு என்கிறார். ஒருத்தர் பில்லில் பத்து சதவீதம் என்கிறார். இன்னொருத்தர், பேசின பணத்துக்கு மேல் பைசா கொடுக்காதீர்கள், கொடுத்துப் பழக்கிவிட்டால் நாளைக்கு எல்லார் வீட்டிலும் கேட்பான் என்கிறார். சாஸ்திரத்தில் ஏதாவது இருக்கிறதா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தால், ஆவணி மூலத்தன்று சொல்ல வேண்டிய கதையே அதுதானே என்று பட்டது. திருவிளையாடல் 64. அவற்றில் ஈசன் வளையல் விற்றான், விறகு விற்றான். சுமை தூக்குகிற கூலியாளாக அவன் வந்தது பரஞ்சோதி முனிவர் பாடிய வரிசையில் 61-ஆவது படலம்.

கதை உங்களுக்குத் தெரியும். வைகை பெருக்கெடுத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் முரசறைந்தான். கரையை அளந்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டாயிற்று. வந்தி என்றொரு கிழவி. பிள்ளை குட்டி இல்லை, பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிறவள். அவள் பங்குக் கரை மட்டும் அப்படியே கிடக்கிறது. அப்போது தெருவில் ஒருத்தன் வருகிறான். இடுப்பில் அழுக்குத் துணி, தலையில் சும்மாடு, அதன்மேல் கவிழ்த்த கூடை, தோளில் மண்வெட்டி. கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கூவுகிறான். கிழவி கையில் காசில்லை. "முழுப் பிட்டை நீ விற்றுக்கொள் பாட்டி, உதிர்ந்தது எனக்குக் கூலி" என்று ஒப்பந்தம் ஆகிறது. அன்றைக்குப் பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோகிறது. ஒன்றுகூட முழுசாகத் தட்டில் விழவில்லை. காலட்சேபத்தில் பெரியவர்கள் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

எல்லாரும் இந்த இடத்தைத் தாண்டிப் பிரம்படிக்கு ஓடுவார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கிழவிக்கு அன்றைய முதல் முழுக்கப் போயிற்று. அரிசி, விறகு, விடியற்காலம் எழுந்த உழைப்பு, எல்லாம் போயிற்று. அவள் என்ன சொல்லியிருக்கலாம்? "தம்பி, உதிர்ந்தது என்று நான் ஒத்துக்கொண்டது தினமும் உதிர்கிற ஒரு பிடியை. மொத்தமும் உதிரும் என்று யார் கண்டது?" என்று கேட்டிருக்கலாம். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள். அந்த வாதம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. அவன் ஏந்திய துணியில் அள்ளிப் போட்டாள். அவன் ஒரு கூடை மண்கூட வெட்டவில்லை அப்போது. பசிக்கிறது என்றான், போட்டாள்.

அப்புறம் அவன் வேலை செய்த லட்சணம் வேறு கதை. ஆடினான், பாடினான், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். இன்றைக்கு என்றால் ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றுதான் போடுவீர்கள். ராஜா பிரம்பால் அடித்தான். அந்த அடி ஊரில் உள்ள ஒவ்வொரு முதுகிலும் விழுந்தது, ராணி முதுகிலும், ராஜாவின் முதுகிலும். மாணிக்கவாசகருக்காக நடந்த விளையாட்டு இது. அவரே மண் சுமந்து கூலி கொண்ட இந்தச் செய்தியைத் திருவாசகத்தில் பாடியிருக்கிறார்.

இனி என் கதை. வந்தி கதை மாதிரிப் பெருமையானது இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் திருவல்லிக்கேணியிலிருந்து வீடு மாற்றினேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அந்தக் காலத்து ஒடுக்கமான படிக்கட்டு. மேஸ்திரி ஒருத்தர், ஆட்கள் நாலு பேர். பேசின தொகையில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டெம்போ வாடகை எல்லாம் அடக்கம். பீரோவைப் படிக்கட்டில் படுக்கவைக்க இடமில்லை. அகலமான நாடாவை அதன் அடியில் கொடுத்து இருவர் தோளில் மாட்டிக்கொண்டார்கள். திருப்பத்தில் பீரோ நின்றுவிட்டது. மேலே இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ரெண்டு விரக்கடை... ரெண்டே விரக்கடை... புடி, புடி" என்கிறார். கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது. நான் கீழே நின்றுகொண்டு சொன்ன வார்த்தை: "சுவர்ல உரசாமப் பாத்துக்கப்பா, அட்வான்ஸ்ல பிடிச்சிடுவான்."

கடைசியாக ஆட்டுக்கல். விட்டுவிட்டு வரலாம் என்றால் வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை; அது அவள் மாமியார் கொடுத்தது. கூட்டத்தில் இளையவன், இருபது வயது இருக்கும், கோணிச் சாக்கை மார்பில் போட்டுக்கொண்டு குழந்தையை அணைப்பது மாதிரி அதை அணைத்துக்கொண்டான். இறங்கும் முன் செருப்பைக் கழற்றினான். ஏன் தம்பி என்றேன். "செருப்பு வழுக்கும் சாமி, காலு வழுக்காது." புத்தகப் பெட்டிகளும் அவன்தான் தூக்கினான். "எல்லாம் சாமி புத்தகமா? சாமி இவ்ளோ கனமா இருக்கு!" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலை முடிந்தது. கணக்கைத் தீர்த்துவிட்டு மேஸ்திரி கையில் தனியாக ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, "பசங்களோட பிரிச்சுக்குங்க" என்றேன். டெம்போ கிளம்பும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கி வந்தான். "சாமி, டீக்காசு ஏதாச்சும்..." மேஸ்திரியிடம் கொடுத்தாயிற்றே என்றேன். அவன் டெம்போவின் முன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரி சாமி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் கயிற்றுக் குவியலில் ஏறி உட்கார்ந்துகொண்டான். என் பர்ஸில் இன்னும் பணம் இருந்தது. எடுக்கவில்லை. நம் கணக்கு முடிந்தது, பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். வந்தது, நன்றாகவே தூங்கினேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பையன் தூக்கி வந்த பெட்டியைப் பிரித்தேன். மேலாக இருந்தது கீதை உரை. தானத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு கூட்டத்துக்காக 17-ஆவது அத்தியாயத்தை எடுத்தேன்.

அங்கே கண்ணன் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறான். கொடுக்க வேண்டும் என்பதற்காகவே, இடமும் காலமும் ஆளும் அறிந்து, பதிலுக்கு நமக்கு ஒன்றும் செய்யாதவனுக்குக் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ, மனசு நொந்துகொண்டோ கொடுப்பது ராஜசம். மதிப்பில்லாமல், அலட்சியமாகக் கொடுப்பது தாமசம். இருபது வருஷமாக இதைப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு சொல் உறைத்தது: நமக்கு உபகாரம் செய்யாதவனுக்கு. அந்தப் பையன் என் ஆட்டுக்கல்லைத் தூக்கினவன் ஆயிற்றே! அவனுக்குக் கொடுப்பது தானத்தில் எப்படிச் சேரும்? புண்ணியக் கணக்கில் அதற்குப் பத்தியே கிடையாது. அது கடன். நான் அதை இனாம் என்று நினைத்தேன், அதனால்தான் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கவில்லை. கடனை யாராவது "உங்களுக்குள்ள பிரிச்சுக்குங்க" என்று வீசிவிட்டு வருவார்களா? கடன் கொடுத்தவன் கையில் கொடுத்து, "வந்து சேர்ந்ததா?" என்று கேட்டுவிட்டல்லவா வருவோம்.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள் என்று ஒரு சொல் காட்டுகிறது. அறுவடைக் களத்தில் நெல்லைத் தூற்றி அளக்கும்போது வண்ணார், குயவர், தச்சர், கொல்லர், வெட்டியான் எல்லாருக்கும் ஒரு பங்கு அளப்பார்கள். அதற்குப் பெயர் சுதந்திரம். விடுதலை என்ற பொருளில் இல்லை. உரிமை என்ற பொருளில். அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பிடிக்காத வேலையை விட்டுப் போக அவர்களில் பலருக்கு வழி இருந்ததில்லை, அளக்கிற மரக்காலிலும் வஞ்சனை உண்டு. ஆனாலும் சொல்லைப் பாருங்கள். அவர்கள் சுதந்திரம் என்றதை நாம் டிப்ஸ் என்கிறோம்.

நம்மைவிட இதில் காய்கறிக்காரம்மா தேவலை. கால் கிலோ கத்தரிக்காய்க்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு போடாவிட்டால் நமக்கு முகம் சுருங்குகிறது. வாங்கும்போது கொசுறு நம் பிறப்புரிமை. கொடுக்கும்போது மட்டும் "பேசின பணம் பேசினதுதான்."

எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் தம் சாமானைத் தாமே இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பது. 2018-இல் அரசே அதை ஒழித்து உத்தரவு போட்டது. ஓட்டல்களிலும் கேட்காமலே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. மிரட்டி வாங்குவதைக் கொடுக்காதீர்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

சரி, எவ்வளவு? அதைச் சொல்லாமல் இறங்கினால் செயலாளர் விடமாட்டார். இது சாஸ்திரம் இல்லை, என் கணக்கு. பில்லில் சதவீதம் பார்க்காதீர்கள். பில் தொகை ஊருக்கு ஊர் தூரத்தைச் சொல்லும், முதுகைச் சொல்லாது. இரண்டு படுக்கையறை வீடு, ஒரு பகல் வேலை என்றால் ஆளுக்கு 200 ரூபாய். லிஃப்ட் இல்லாத மாடி என்றால் 300. ஆட்டுக்கல், கிரைண்டர், பரண் மேல் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி என்று பேசும்போது சொல்லாமல் விட்டதெல்லாம் இருக்குமே, அதற்கு இன்னும் மேலே. மதியம் தாண்டினால் சாப்பாடு தனி. தண்ணீர் குடத்தில் வேண்டும், கூடவே டம்ளர், அதுவும் வீட்டில் நாம் குடிக்கிற டம்ளர். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சில்லறை இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது, அந்தப் பையன்களிடம் போன் இருக்கிறது, ஜிபே இருக்கிறது.

கேஸ் சிலிண்டருக்குச் சட்டப்படி ரசீதில் உள்ளதுதான், மேலே கேட்க அவருக்கு உரிமை இல்லை. உண்மை. ஆனால் உள்ளே இருக்கிற கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பு அதற்கும் மேலே. மூன்றாம் மாடிக்குத் தோளில் ஏற்றி வருகிறவரிடம் சட்டம் பேசுவது என் நாக்குக்கு வரவில்லை. தீபாவளிக்கு வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு ஒரு மாதச் சம்பளம். கம்பெனிகளுக்கான 1965-ஆம் வருஷத்துப் போனஸ் சட்டமே குறைந்தது 8.33 சதவீதம் என்றது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த அம்மாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. நீங்கள்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். புடவை கொடுத்தோமே என்று அதில் கழிக்காதீர்கள்.

கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பது என்பதற்குத் தைத்திரீய உபநிஷத்து அழகான ஒரு வழி சொல்கிறது: கூச்சத்தோடு கொடு என்கிறது. இவ்வளவுதானே நம்மால் முடிந்தது என்கிற கூச்சம். முகம் மலர்ந்து சொல்கிற இனிய சொல் மனம் மகிழ்ந்து கொடுப்பதைவிட மேல் என்று வள்ளுவர் சொன்னதை இங்கே எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் தம்பி" என்று சிரித்துவிட்டு மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள். வள்ளுவர் அதற்கு வழி சொல்லவில்லை.

முன்பெல்லாம் ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். ஆள் உயரத்தில் இரண்டு கல் நட்டு மேலே குறுக்காக ஒரு கல். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் பேரால் நடுவார்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல், இன்னொருவர் கை கேட்காமல், சுமையை அதில் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். இறக்கி வைக்க முடியாமல் போனவளின் பாரத்தை, முன்பின் தெரியாத ஒருவனின் தலைச்சுமையோடு சேர்த்து யோசித்த ஊர் நம்முடையது.

இன்னும் அரை மணி பேச விஷயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலிகளைச் சாயங்காலம் டெம்போவிலிருந்து இறக்கிப் போட்டவர்கள் இரண்டு பேர், அதோ அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முடித்து, நீங்கள் எழுந்தால்தான் அவர்கள் இவற்றை அடுக்கி ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும். மணி ஒன்பதே கால் ஆகிறது. எழுந்திருங்கள், பிட்டு சூடாக இருக்கிறது.