கத்துக்குட்டியின் உரிமை

போன கோடையில் வீட்டுக்குத் தண்ணித் தொட்டி வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு தேவைப்பட்டது. 500 லிட்டர் தொட்டி, குளிக்கிற மறைப்புக்கு மேலே. பட்டறையில் கொடுத்திருந்தால் இரண்டு நாளில் வேலை முடிந்திருக்கும். நானே செய்வது என்று பிடிவாதம். காலனியில் எங்க மாமா ஒருத்தர், சௌதியில் பதினைந்து வருஷம் வெல்டிங் அடித்துவிட்டுத் திரும்பியவர். மெஷினையும் கருப்புக் கண்ணாடியையும் கொடுத்தார். "ஆங்கிள் துண்டு கொஞ்சம் கெடக்கு. மொதல்ல அதக் கெடு மாப்ள" என்றார்.

'கெடு' என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

கெடுத்தேன். கரண்டைக் குறைத்து வைத்தால் ராடு இரும்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. கூட்டி வைத்தால் ஆங்கிளில் ஓட்டை விழுகிறது. ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே அந்த ராடின் கனத்துக்குத்தான் இடைவெளி இருக்கணும். கை நடுங்கினால் நெருப்பு அறுந்துபோகும். முதல் நாளே இருபது ராடு பாழ். கண்ணாடி இல்லாமல் இரண்டு தடவை நெருப்பைப் பார்த்துவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இருக்கிற புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

கண் மூட முடியாத அந்த ராத்திரியில் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பதினோராம் வகுப்பு, வேதியியல் ஆய்வுக்கூடம். நான் ஒரு பியூரெட்டை உடைத்துவிட்டேன். அதே வாரம் ஊர்த்தெருப் பையன் ஒருவனும் உடைத்தான். அவனிடம் ஆசிரியர், "பாத்துப் புடிக்கக் கூடாதாடா" என்று சொல்லி அபராதம் வாங்கிக்கொண்டார். என்னிடம் அபராதம்கூடக் கேட்கவில்லை. "இதுக்குத்தான் உங்க ஆளுங்களத் தொட விடக் கூடாதுங்கிறது" என்றார். அவன் உடைத்தது அவன் கணக்கில் போனது. நான் உடைத்தது சேரியின் கணக்கில் ஏறியது. அதன் பிறகு இரண்டு வருஷமும் மற்றவர்கள் செய்ய, நான் அளவு குறித்துக்கொண்டேன். பரீட்சையில் தேறினேன். கை மட்டும் ஒன்றையும் கற்கவில்லை.

பிழை செய்ய இந்தச் சமூகத்தில் யாருக்கு உரிமை இருக்கிறது?

சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் காட்டினார். இந்த இடத்திலிருந்து இன்னும் ஓர் அடி போய்ப் பார்க்கலாம். தொழில் பிறப்போடு வருகிறது என்றால், அந்தச் சமூகத்தில் கத்துக்குட்டி என்று ஒருவன் இருக்கவே முடியாது. செருப்புத் தைக்கிறவர் மகன் தைக்கத் தெரிந்தே பிறந்தவன். ஓதுகிறவர் மகன் ஓதத் தெரிந்தே பிறந்தவன். வேறொன்றைத் தொட வருகிறவனைக் கற்க வந்தவனாக யாரும் பார்ப்பதில்லை. அத்துமீற வந்தவனாகத்தான் பார்க்கிறார்கள். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த கல்வித் திட்டம் பாதி நாளைப் பள்ளிக்கும் பாதி நாளைத் தகப்பன் தொழிலுக்கும் ஒதுக்கியது. குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. திட்டம் போய்விட்டது. உடைந்த பியூரெட்டைப் பார்த்து 'உங்க ஆளுங்க' என்று சொல்கிற வாய் போகவில்லை.

சரி, பிழை செய்வது நம் உரிமை என்று முழங்கிவிட்டுப் போய்விடலாமா? அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 500 லிட்டர் தண்ணீர் என்றால் 500 கிலோ. அம்மா குளிக்கிறது அதன் கீழேதான். என் உரிமை அம்மா தலைமேல் விழலாமா?

இன்னொரு அவமானமும் உண்டு. அது சிரித்த முகத்தோடு வரும். கல்லூரியில் ஒரு பேராசிரியர் என் கட்டுரையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "உன் அளவுக்கு நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்று மார்க் போட்டார். ஆய்வுக்கூடத்து ஆசிரியர் என் பிழையை ஊர் முழுக்கப் பரப்பினார். இவர் என் பிழையைத் தேடக்கூட இல்லை. இரண்டு பேருக்குமே நான் கற்கக்கூடியவனாகத் தெரியவில்லை. நம் இயக்கங்களிலும் இலக்கியத்திலும்கூட, 'நம்ம தோழர் செஞ்சது, விடுங்க' என்று நாமே ஒருவருக்கொருவர் அந்த மார்க்கைப் போட்டுக்கொள்கிறோம்.

ஸ்டாண்டு முடிந்ததும் மாமாவைக் கூப்பிட்டேன். வரிவரியாக அழகாகத்தான் இருந்தது. குறுக்குச் சட்டத்தில் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தார். இணைப்பு விண்டுகொண்டது. உள்ளே கறுப்பாகக் கசடு.

"மேல மினுக்குது, உள்ளாற புடிக்கல. அறுத்துட்டுத் திரும்ப அடி. நானே அடிச்சிருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எந்தப் பள்ளியிலும் எனக்குக் கிடைக்காதது. ஆங்கிள் துண்டைக் கெடுக்க விட்டவரும் அவர்தான், அம்மா தலைக்கு மேல் நிற்கப்போகிற இணைப்பை விட்டுக்கொடுக்காதவரும் அவர்தான். கற்கிறவனுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுக்கிறவர் நம்மை மதிக்கவில்லை.

கால் இணைப்புகளை மூன்று தடவை அறுத்து அடித்தேன். தொட்டியை நிரப்பி மூன்று நாள் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. இப்போது அம்மா அதன் கீழேதான் குளிக்கிறது. ஒரு கால் கொஞ்சம் கோணல். பார்க்கிறவர்கள் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: அது என் கை செய்த கோணல், என் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.