மூலம் கூறுதலும் ஓர் அறமே

பிறரிடம் பெற்ற பொருளைத் தமதென்று கூறுவோரை உலகம் பழிக்கின்றது. பிறரிடம் பெற்ற அறிவைத் தமதென்று எழுதுவோரை அது அவ்வளவு எளிதில் பழிப்பதில்லை. 'நல்ல செய்திதானே, யார் சொன்னால் என்ன?' என்று அமைதி கொள்கிறது. கற்பனை இலக்கியம் படைப்போர்க்கு இவ்வினா ஒருவாறு பொருந்தலாம். மருந்து, உணவு, வேளாண்மை, கட்டடம் முதலிய துறைகளிலோ, எழுத்தை நம்பிப் பிறர் செயலில் இறங்குகின்றனர். அங்கும் அது பொருந்துமா? மூலம் கூறுதல் அறிஞரிடையே நிலவும் வெறும் நாகரிகமா, அன்றி நீதியின் பாற்பட்ட கடமையா? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பழனி தரும் பாடம்

தொலைவில் செல்ல வேண்டா. நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியிலிருந்தே தொடங்கலாம். பழனி என்றவுடன் பஞ்சாமிர்தம் நினைவுக்கு வரும். மலை வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவை சேர்ந்த இந்தப் பிரசாதம் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகத்தில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு இக்குறியீடு கிடைத்தது அதுவே முதன்முறை. திண்டுக்கல் பூட்டும் அதே ஆண்டில் அச்சிறப்பைப் பெற்றது. விருப்பாச்சி மலை வாழையும் சிறுமலை வாழையும் முன்னரே பெற்றிருந்தன.

மலை அடிவாரத்துக் கடையில் 'இது தொன்றுதொட்டு வருவது' என்றால் போதும். வாங்குவோர் எவரும் ஆதாரம் கேட்பதில்லை. ஆனால் குறியீடு வேண்டிச் சென்னையிலுள்ள பதிவகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்த ஒரு சொல் போதாது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பல வினாக்களை எழுப்புகிறது. பொருள் யாது? எவ்வாறு செய்யப்படுகிறது? எந்த நிலப்பரப்புக்கு உரியது? அதன் வரைபடம் எங்கே? அந்த மண்ணுக்கும் பொருளின் தன்மைக்கும் என்ன தொடர்பு? அது அவ்விடத்தில் தோன்றியதற்குச் சான்று யாது? விடைகள் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டபின் பதிவகத்தின் இதழில் வெளியாகின்றன. மறுப்பு உடையவர் மூன்று திங்களுக்குள் அதனைத் தெரிவிக்கலாம். அதன் பின்னரே பதிவு, அதுவும் பத்தாண்டுகளுக்கு. பின்னர் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இது பக்தரின் நம்பிக்கையை ஐயுறுவதாகுமா? ஆகாது. ஒருவருக்குக் குறியீடு வழங்கினால் மற்றவர் அப்பெயரை விருப்பம்போல் பயன்படுத்த இயலாது. அவர்தம் பிழைப்பு அதனால் மாறக்கூடும். ஆகவேதான் சான்று கேட்கப்படுகிறது. இதிலிருந்து ஒரு பொது நியதியை நாம் பெறுகிறோம்: நம் சொல் பிறர் வாழ்வைத் தொடும் இடத்தில், அச்சொல்லுக்குச் சான்று கேட்கும் உரிமை அவர்க்குப் பிறந்துவிடுகிறது. மூலம் கூறுதல் அவ்வுரிமைக்கு நாம் செலுத்தும் கடனே அன்றி, நம் புலமைக்கு நாமே சூட்டிக்கொள்ளும் அணி அன்று.

மூவருக்குரிய கடன்

அறிவு வரும் வழிகளை அளவை நூலோர் பலவாக விரித்துரைப்பர். அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கிக் கூறும் மரபும் தமிழில் உண்டு. நாமே கண்டது காண்டல்; கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல்; தக்கோர் கூறக் கேட்டு அறிவது உரை. நாம் எழுதும் தகவல்களுள் பெரும்பாலானவை இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. உரையின் வலிமை உரைத்தவரைப் பொறுத்தது. உரைத்தவர் யாரெனக் கூறாவிடில், அதனை ஏற்பதா தள்ளுவதா எனப் படிப்பவர் எங்ஙனம் முடிவு செய்வார்?

ஆதலால் இக்கடன் முதலில் அறிவைத் தந்தவருக்கு உரியது. அவர் உழைப்பை நாம் விழுங்கிவிடலாகாது. அடுத்துப் படிப்பவருக்கு உரியது. நாம் வந்த வழியே சென்று ஆராய அவருக்கு வழி விட வேண்டும். மூன்றாவதாக, இனி வரும் தலைமுறைக்கும் உரியது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி முழுமையாக நம் கைக்குக் கிட்டவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலும் பழைய உரைகளும் எடுத்தாண்டமையால் அதன் பாடல்கள் சில பிழைத்தன. வளையாபதியின் நிலையும் இதுவே. அதே வேளையில், பழைய உரைகளில் எந்நூலிலிருந்து வந்தனவென்று அறிய இயலாத பாடல்களும் பல உள்ளன. அவை தாயின் பெயர் அறியாப் பிள்ளைகளைப்போல் நிற்கின்றன. ஒரு பெயரைச் சேர்த்து எழுதியிருந்தால் ஒரு நூலின் வரலாறே நமக்கு விளங்கியிருக்கும்.

ஐந்து வாக்கியங்களின் கதை

மூலத்தின் பெயரைப் பொறித்துவிட்டால் கடமை முடிந்ததா? முடியவில்லை என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு வேதனையான சான்று உண்டு. 1980 சனவரியில் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. மொத்தம் ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கி, போதைத் தன்மையுள்ள வலிநீக்கி மருந்து பெற்ற 11,882 பேருள், முன்னர் அப்பழக்கம் இல்லாத நால்வரே அதற்கு அடிமையாயினர் என அது தெரிவித்தது. மருந்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று நெடுநாள் உட்கொள்வோரைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

பின்னாளில் அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய எழுத்துகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2017இல் அதே இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மேற்கோள் காட்டியவை 608. அவற்றுள் நூற்றுக்கு எழுபத்திரண்டு, அம்மருந்துகளுக்கு அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக அதனைக் காட்டியிருந்தன. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை நூற்றுக்கு எண்பது எழுத்துகள் குறிப்பிடவே இல்லை. அம்மருந்துகளால் வட அமெரிக்காவில் விளைந்த பேரழிவுக்கு இத்தகைய மேற்கோள்களும் துணைபோயின என்று அவ்வறிஞர்கள் கருதினர். மூலத்தின் பெயர் ஒவ்வொன்றிலும் இருந்தது. மூலத்தின் பொருள் இல்லை. ஐந்தே வாக்கியங்களைப் படித்துப் பார்க்கும் பொறுமை பலருக்கு இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் அன்றோ!

இரு வீட்டுக்கும் ஒரே அளவுகோல்

மீண்டும் பழனிக்கு வருவோம். மலைமேலுள்ள திருவுருவத்தைப் போகர் என்னும் சித்தர் நவபாஷாணத்தால் அமைத்தார் என்பது அங்குள்ள மரபு. மரபை மரபாகச் சொல்வதில் பொய்யில்லை. அதனைப் போற்றுவோரின் உள்ளத்தை மதிப்பது நம் கடமை. ஆனால் நவபாஷாணத்தின் பெயரால் மணிகளை விற்போர் 'விஞ்ஞானிகளே வியந்தனர்' என எழுதுகையில், எந்த விஞ்ஞானி, எந்த ஆய்வுக்கூடம், எந்த ஆண்டு என்று கேட்பது முறையே. மரபு கூறும் ஒன்பது பொருள்களுள் பாதரசமும் ஆர்செனிக்கும் சேர்ந்தவை உண்டு. அம்மணியை நீரில் ஊறவைத்துப் பருகும் ஏழை நோயாளி, மூலமற்ற அந்த ஒரு வரிக்குத் தம் உடலையே பணயமாக வைக்கிறார்.

இதனைச் சொல்லும் நாம் நம் வீட்டையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். இத்தாலியின் தூரின் நகரிலுள்ள திருத்துணி இயேசுவின் உடலைப் போர்த்திய துணியே என விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டதாக நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. 1988இல் ஆக்ஸ்போர்டு, சூரிச், டூசான் ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் கரிமக் காலக்கணிப்பு முறையில் அத்துணியை ஆராய்ந்து, அது 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது எனக் கணித்தன. அம்முடிவு 1989இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஆராயப்பட்ட துண்டு முழுத் துணிக்கும் பொருந்துமா எனப் பின்னர் மறுப்புரைத்தவர்களும் உளர். நேர்மையாக எழுதுபவர் இவ்விரண்டையும் சொல்ல வேண்டும். 1998இல் தூரின் சென்ற திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பை அறிவியலாரிடமே விட்டார். நமக்கு உகந்த சான்றை மட்டும் எடுத்து, உகவாததை மறைத்து எழுதுவது பொய்ச்சான்று கூறுவதற்கு வெகு அருகில் நிற்கும் செயல். உண்மையைக் காப்பதற்கு அரை உண்மை தேவையில்லை.

செய்யத்தக்கது

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? மூலநூலைத் தேடி நாமே படிக்க வேண்டும். படிக்கக் கிட்டாதபோது, எவர் நூலில் அதனைக் கண்டோமோ அவர் பெயரையே கூற வேண்டும். ஆண்டும் பக்கமும் தந்து, பிறர் தேடும் உழைப்பைக் குறைக்க வேண்டும். மூலம் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் ஏற்றலாகாது. சான்று வலுவற்றதெனில் வலுவற்றதென்றே எழுத வேண்டும்.

'நூலகமும் ஆய்வேடும் நகரத்தார்க்கு. எளியவர் எங்கே போவது?' என்று சிலர் வினவலாம். அச்சில் வந்தது மட்டுமே மூலம் என்பதில்லை. விருப்பாச்சி மலைச்சரிவில் வாழை வளர்க்கும் உழவர் தம் மண்ணைப் பற்றிக் கூறுவதும், நோயுற்ற குழந்தைகளைப் பேணி முதிர்ந்த பாட்டி கூறுவதும் மூலங்களே. படித்தவர் அவர்களிடம் கேட்டறிந்ததைத் தம் கண்டுபிடிப்பாக எழுதிக்கொள்வது, ஏழையின் கூலியைப் பிடித்துக்கொள்வதை ஒக்கும். அவர்கள் இசைவு பெற்று, ஊரும் பெயரும் குறித்து எழுதுவதே நீதி. இன்று கைப்பேசியிடம் கேட்ட கணத்தில் விடை வருகிறது; வந்த விடைக்கு மூலம் எது எனக் கேட்கும் பழக்கம் அதே விரைவில் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு அப்பழக்கத்தை வீட்டிலேயே ஊட்ட வேண்டும்.

லூக்கா தம் நற்செய்தியின் முகவுரையில் ஒரு நல்ல எழுத்தாளரின் கடமைகள் அனைத்தையும் சில சொற்களில் நிறைவேற்றுகிறார். தமக்கு முன் எழுதியோர் பலர் என்பதை மறைக்கவில்லை. கண்ணாரக் கண்டவர்கள் ஒப்படைத்தவை இவை என்கிறார். தாமும் தொடக்கமுதல் அனைத்தையும் கருத்தாய் ஆராய்ந்ததாகக் கூறுகிறார். இவ்வளவும் எதற்காக? தெயோபில் என்னும் ஒரு வாசகர் தாம் கற்றது உறுதியானது என அறிந்துகொள்வதற்காக. விசுவாசத்தைப் பற்றி எழுதியவரே தம் வாசகருக்கு இக்கடனைச் செலுத்தினார். மருந்தையும் மண்ணையும் உணவையும் பற்றி எழுதும் நாம் நம் வாசகருக்கு அதனைச் செலுத்தாமல் இருப்பது தகுமா?