கடலோரத்து ஊராரும் நமது வாலிபர்களும்

 

யாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்ததுமே எமது கல்வி. ஜும்ஆ முடிந்து கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சாக இதைக் கொள்ளுங்கள்.

திருமறையின் அஃராப் அத்தியாயத்தில் ஒரு கடலோர ஊரின் சரித்திரம் வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாது என்பது அவ்வூராருக்கு இட்ட கட்டளை. அன்றைக்கென்று மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து துள்ளும். மற்ற நாட்களில் ஒன்றும் வராது. அல்லாஹுத்தஆலா அவர்களைச் சோதித்தான். ஊர் மூன்று கூட்டமாயிற்று. ஒரு கூட்டம் கட்டளையை மீறியது. ஒரு கூட்டம் தடுத்துச் சொன்னது. மூன்றாவது கூட்டமோ, அழியப் போகிறவர்களுக்கு ஏன் உபதேசம் என்று தடுத்தவர்களையே கேட்டது. தடுத்தவர்கள் ஈடேற்றம் பெற்றார்கள், மீறியவர்கள் பிடிபட்டார்கள். மூன்றாவது கூட்டத்தார் கதி என்னவென்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அவர்களும் தப்பினார்கள் என்று சொல்லும் உலமாக்கள் உண்டு. அந்த மௌனம் எம்மை உறுத்துகிறது. ஏனெனில் வியாபாரிகளாகிய நாம் பெரும்பாலும் நிற்பது அந்த மூன்றாவது கூட்டத்தில்தான்.

எம் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறோம். எம் தங்கை மகனுக்குப் பத்தொன்பது வயது. கீழக்கரைக் கடலில் மூழ்கிக் கடல் அட்டை எடுத்து, மூட்டையுடன் பிடிபட்டான். இங்கே பினாங்கில் எமக்குத் தகவல் வந்தது. ஜாமீனுக்குப் பணம் அனுப்பினோம். பிறகு ஊர் போனபோது அவனை உட்கார வைத்துக் கண்டித்தோம். தலை குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் சொன்னான்: "மாமா, வாங்க ஆளில்லாவிட்டால் நாங்கள் ஏன் மூழ்கப் போகிறோம்?"

எமக்குப் பதில் வரவில்லை. அட்டையை அவித்து, மண்ணில் புதைத்துத் தோல் கழற்றி, வெயிலில் காயவைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிச் சீனர்களுக்கு விற்ற வியாபாரத்தில் நமது முன்னோர் பலர் கை வைத்தவர்களே. அக்காலத்தில் அது ஹலாலான சம்பாத்தியம், தடையும் இல்லை. 2001ஆம் ஆண்டு இந்திய அரசு கடல் அட்டையைக் காப்புப் பட்டியலில் சேர்த்துப் பிடிப்பதையும் விற்பதையும் தடுத்தது. அக்கரையில் இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், வளர்க்கவும் செய்யலாம். ஆகவே இக்கரைச் சரக்கு இரவோடிரவாக அக்கரை போய் நல்ல சரக்காகிவிடுகிறது. கைமாற்றுகிறவன் தப்பிக்கிறான், மூழ்கிய பிள்ளை அகப்படுகிறான்.

ஓர் அட்டைக்கு இத்தனை சட்டமா என்பீர்கள். அது கடலின் அடிமண்ணைத் தின்று, அதிலுள்ள அழுகலைச் செரித்து, சுத்தமான மண்ணாக வெளியே தள்ளுகிற பிராணி. ஆணும் பெண்ணும் அருகருகே இருந்து நீரில் விட்டால்தான் இனம் பெருகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சினால் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் என்று சொல்வது வழக்கம். 1986ல் அவற்றைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இன்று எண்ணினால் அத்தனை தெரியாது. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அலையைத் தடுத்த சுவரை நாமே பெயர்த்துவிட்டோம். கரையிலும் கடலிலும் தோன்றும் குழப்பம் மனிதர் கைகள் தேடிக்கொண்டது என்று ரூம் அத்தியாயம் அறிவிப்பதை ஓதும்போதெல்லாம் எமக்கு அந்தத் தீவுகளே கண்ணில் நிற்கின்றன.

சான்ஸிபாரைச் சேர்ந்த பெம்பாவுக்கு அருகே மிசாலி என்றொரு சிறு தீவு உண்டு. தொழ முஸல்லா கேட்ட ஒரு பெரியார், அது கிடைக்காமல், கிப்லாவை நோக்கிக் கிடந்த அத்தீவையே முஸல்லாவாக்கிக்கொண்டார் என்பது அவ்வூரார் வழக்கு. மீன் பிடிப்பவர்கள் முஸ்லிம்கள்; வெடி வைத்துப் பிடிப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1998ல் அதைக் காப்புக் கடலாக்கினார்கள். உத்தரவுத்தாள் மட்டும் போதாதென்று கண்டு, கடல் அல்லாஹ்வின் அமானிதம் என்பதைப் பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் எடுத்துச் சொன்னார்கள். அதிகாரியை ஏமாற்றலாம், படைத்தவனை ஏமாற்ற முடியாதென்பது மீனவனுக்கு எளிதில் விளங்குகிற விஷயம்.

நமது ஊர்களிலும் மதரஸா இருக்கிறது. தஜ்வீது கற்கும் பிள்ளைகளுக்கு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் ஏன் நிற்கின்றன, ஆவுளியா மேயும் கடற்புல்லை இழுவலை என்ன செய்கிறது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? ஆவுளியாவுக்கென்று பாக் விரிகுடாவில் 2022ல் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மீனவர் பிள்ளைகள் சிலருக்கு அதன் பெயரால் உதவித்தொகையும் தந்திருக்கிறார்கள். நாம் ஊருக்கு மினாரா கட்டப் பணம் அனுப்புகிறோம். நல்ல காரியம்தான், மினாராக்கள் இப்போது போதுமான உயரம் ஆகிவிட்டன.

வழக்கு இன்னும் முடியவில்லை. பையன் வெள்ளிதோறும் அஸருக்குப் பின் மதரஸாச் சிறுவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறான். தண்ணீருக்கு அடியில் கண்டதைச் சொல்கிறான். ஆலிம்ஸா பக்கத்தில் நின்று கேட்கிறார்கள். மூழ்கிப் பார்க்கும் கண்ணாடி ஆறு வேண்டுமென்று எழுதியிருந்தான். யாம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் ஊர் போகிறவர்கள் எமது கடைக்கு வந்தால், மீதி நான்குக்கு வழி சொல்லிவிட்டுப் பொட்டலத்தையும் எடுத்துப் போகலாம்.